பூட்டிய தண்ணீர்

மூஸா நெய்னாவைக் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்த பன்னிரண்டு வருஷத்தில் ருகையா கடைத்தெருவில் தனியாக நடந்ததில்லை. எழுபத்து நாலாம் வருஷம் தை மாதம் நடந்தாள். கையில் ஒரு மருந்துப் புட்டி.

மூஸா சங்கு குளிக்கிறவன். கடலடியிலிருந்து மேலே வரும்போது வள்ளத்தின் அடிக்கட்டையில் தலை மோதியது. பதினோரு தையல். வீடு திரும்பியவன் தண்ணீர் கேட்டான், கேட்டுக்கொண்டே இருந்தான். பகலுக்குள் ஒரு குடம் காலி. குடித்ததெல்லாம் உடனே சிறுநீராகப் போயிற்று.

மூஸாவின் அண்ணன், ருகையாவும் காக்கா என்றே கூப்பிடும் செய்கு அப்துல் காதிர்தான் வள்ளத்துக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி. முங்கி முடிக்கும்வரை குளியாள் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது அவர் சட்டம்.

"வயித்துல தண்ணி கெடந்தா மூச்சு நிக்காது. இப்படிப் பழகிட்டா பொறவு எப்படி முங்குவான்?"

மறுநாள் காலை குடங்களை அறையில் வைத்துப் பூட்டி, சாவியோடு கடலுக்குப் போய்விட்டார்.

மதியத்துக்குள் மூஸாவின் நாக்கு காய்ந்து வெடித்தது. "நீ யாரு?" என்று ருகையாவைக் கேட்டான். பக்கத்து வீட்டில் வாங்கிய தண்ணீரை வாயில் ஊற்றினாள். விழுங்கத் தெரியாமல் கடைவாயில் வழிந்தது. ஆனால் பாய் மறுபடியும் நனைந்திருந்தது. உள்ளே ஒன்றும் போகாதபோது இது எங்கிருந்து வருகிறது? அவனுடைய சிறுநீரைப் புட்டியில் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

டாக்டர் சண்முகவடிவு அதில் அடர்த்தி பார்க்கும் கண்ணாடி மிதவையைப் போட்டாள். வெறும் தண்ணீரில் போட்டதுபோல அமிழ்ந்தது.

"மூளைக்கு அடியில பட்டாணி அளவு சுரப்பி ஒண்ணு இருக்கு. தண்ணியப் பிடிச்சு வைன்னு கிட்னிக்குச் சொல்லுற ஹார்மோன் அங்கன இருந்துதான் போகுது. அடிபட்டதுல அது நின்னுபோச்சு. தண்ணியையும் நிறுத்தினா மூளை வத்திரும்."

"பொழைப்பாரா?"

"முதல்ல ஆளைக் கொண்டு வா."

ஜட்கா வண்டியில் கொண்டுவந்தார்கள். எண்ணெய் மாதிரி மருந்தில் ஒரு ஊசி, கை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏறும் தண்ணீர். மூன்றாம் நாள் மூஸா கண் திறந்தான். "ருகையா, வள்ளம் போயாச்சா?"

"ஊசி இப்பம் தண்ணியப் பிடிச்சு வைக்கும். அளவு மீறிக் குடிச்சா மூளை வீங்கிரும். நீதான் பாத்துக்கணும்" என்றாள் டாக்டர்.

சாயங்காலம் செய்கு வந்தார். தோளில் நிறை குடம். யார் முகத்தையும் பார்க்கவில்லை. "குடிக்கட்டும். எவ்வளவு வேணும்னாலும் குடிக்கட்டும்."

ருகையா ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, குடத்தைத் தன் காலருகே இழுத்து வைத்துக்கொண்டாள். அவர் காலித் தம்ளரை எடுத்து, மறுபடி நிரப்பக் குடத்தின் மேல் குனிந்தார்.

"கையை எடுங்க, காக்கா."

கையை எடுத்தார்.