தீவுக்கு ஓர் உதாரணம்

கதவைத் திறந்தேன். எங்களிடம் படித்த செல்வி, அழுத கண்களோடு நின்றாள். என்னைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினாள்.

“டீச்சர்... ஜமீலா டீச்சர் மவுத்தாயிட்டாகன்னு சொன்னாக. அதான் ராஜபாளையத்துல இருந்து ஓடியாந்தேன்.”

“நான் இங்கதானடி இருக்கேன்” என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் பள்ளியில் ஜமீலாக்கள் இருவர். நான் கணக்கு டீச்சர்; இறந்துபோனவர் பூகோளம் டீச்சர். அழுவதா, உயிரோடு இருப்பதற்காக அந்தப் பெண்ணிடம் வருத்தம் தெரிவிப்பதா என்று புரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவரை நினைவுகூரக் கூடியிருக்கும் உங்களுக்கு இந்தக் குழப்பம் புதிதல்ல. எனக்கு வந்த கல்யாணப் பத்திரிகைக்கு அவர் போய்ச் சாப்பிட்டு வந்ததுண்டு. அதனால் நாங்களே ஒருவரையொருவர் ‘கணக்கு’, ‘பூகோளம்’ என்றுதான் கூப்பிட்டுக்கொண்டோம். விரிகுடா எது, வளைகுடா எது என்று எத்தனை முறை கேட்டாலும் சலிக்காமல் சொல்வார். நான் மறுபடியும் மாற்றிச் சொல்வேன்.

எண்பதுகளில் ஓர் ஐப்பசி. விடாத மழை. வகுப்பில் பூகோளம் தீவுக்கு உதாரணம் கேட்டிருக்கிறார். மம்சாபுரத்துப் பேச்சியம்மாள் எழுந்து, “எங்க வீடு, டீச்சர்” என்றாளாம். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“நாலு பக்கமும் தண்ணியா?”

“நேத்து மூணு பக்கந்தான் டீச்சர். இன்னைக்குச் சுத்தி வந்துருச்சு. அப்பாதான் தோள்ல தூக்கியாந்து விட்டாக.”

“வீட்டுல யாரு இருக்கா?”

“அம்மாவும் தம்பிப் பாப்பாவும்.”

ஆசிரியர் அறைக்கு வந்து, “கணக்கு, வா. மம்சாபுரம் போகணும்” என்றார்.

“பெரிய டீச்சர் கேட்டா என்ன சொல்ல?”

“பாடம்னு சொல்லு.”

பாடமா, ஆபத்தா என்று எனக்கு விளங்கவில்லை. பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். கண்மாய் நிறைந்து கரையோரப் பள்ளமெல்லாம் தண்ணீர். நடுவில் ஒரு மண்சுவர் வீடு. கரையில் நின்று பேச்சியம்மாளின் அப்பா கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்ற அவள் அம்மா, “ஆட்டை விட்டுட்டு எப்படி வர?” என்று கத்தினாள்.

பூகோளம் சேலையைத் தூக்கிச் செருகினார். இடுப்பளவுத் தண்ணீரில் அந்த அப்பாவின் பின்னாலேயே இறங்கிவிட்டார். நீச்சல் தெரியாதவர் அவர். நான் குடையைப் பிடித்தபடி கரையிலேயே நின்றேன். குழந்தை பூகோளத்தின் தோளில் வந்தது. பிறகு ஆடு வந்தது. ஆட்டைப் பிடித்துக்கொண்டு அம்மாவும் வந்தாள். மறுநாள் அந்தச் சுவர் இடிந்து விழுந்தது.

நன்றி சொல்லத் தேங்காய்களோடு அந்த அப்பா, ‘ஜமீலா டீச்சர் வீடு’ என்று விசாரித்துத் தேடி வந்தது என் வீட்டுக்கு! நான் மறுத்துச் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தேங்காய்களைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூகோளத்திடம் கொடுத்தேன்.

“பாதியை நீ வச்சுக்கோ. உம் பேருக்குத்தான வந்திருக்கு” என்றார்.

ஏன் இறங்கினார் என்று கேட்டதற்கு, “அந்தப் பிள்ளை சரியாத்தான சொல்லுச்சு?” என்றார். அது எப்படிப் பதிலாகும் என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு ஒன்று. பிள்ளைகள் கேட்பதற்கு விடை தெரியாவிட்டால் அவர் சுற்றி வளைக்க மாட்டார். தெரியாது என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடையோடு வருவார். போன வாரம் ஒரு பிள்ளை, “மைனஸை மைனஸால பெருக்குனா ஏன் டீச்சர் பிளஸ் வருது?” என்று கேட்டாள். ‘அது அப்படித்தான், எழுது’ என்ற பேச்சு நாக்கு நுனிவரை வந்தது. சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

“தெரியலம்மா” என்றேன். “நாளைக்குச் சொல்றேன்.”