கையேட்டின் கடைசியில் ஒட்டிய தாள்

எனக்குக் காசநோய் என்று டாக்டரம்மா சொன்னபோது என் வீட்டுக்காரர் அழவில்லை, தலையில் கை வைத்துக்கொண்டு உட்காரவும் இல்லை. "இதைப் பத்தி எழுத்துல ஏதாவது இருக்குங்களா டாக்டர்?" என்று கேட்டார்.

அவர் கோட்டையில் ஒரு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. பெயர் சாமுவேல். தினமும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி, நாளெல்லாம் உத்தரவுகளையும் சுற்றறிக்கைகளையும் கோப்பில் கட்டிவிட்டு, சாயங்காலம் அதே முகத்தோடு திரும்பி வருவார். எழுத்தில் வராத எதையும் நம்பாதவர். கல்யாணத்துக்கு முன் என்னைப் பிடித்திருக்கிறது என்பதைக்கூட அவர் எழுத்தில்தான் தெரிவித்தார், தேதி போட்டு.

டாக்டரம்மா எங்களை ஆஸ்பத்திரி நடையின் கோடியில், எக்ஸ்ரே அறைக்கு அடுத்த அறைக்கு அனுப்பினார். அதுதான் நூலகம். மூன்றே மூன்று அலமாரிகள். ஒன்று டாக்டர்களுக்கும் நர்சுகளுக்கும், ஒன்று நோயாளிகளுக்கு, ஒன்று கூட இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு. அதைக் கவனித்துக்கொண்டவர் காதர் பாய். தாம்பரம் மார்க்கெட்டில் பைண்டிங் கடை வைத்திருந்தவர், இதே நோயோடு வந்து, குணமாகி, அங்கேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

"சாருக்கு இந்த அலமாரி, டீச்சரம்மாவுக்கு அந்த அலமாரி. மாத்திப் படிச்சா ரெண்டு பேருக்கும் பேஜாரு" என்று அவர் சொன்னார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததும் இருமல் வந்தது.

வீட்டில் யாருக்காவது இந்த நோய் என்று இப்போதுதான் கேள்விப்பட்டு, இதைக் கையில் எடுத்திருப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் பிழைத்துக்கொண்டேன். நன்றாகவே இருக்கிறேன். ஆகவே பயப்படாமல் மேலே படிக்கலாம்.

அறுபதுகளில் நான் குரோம்பேட்டையில் மூன்றாம் வகுப்பு டீச்சர். இருமல் வந்தபோது சாக்பீஸ் தூள் என்று நினைத்தேன். சாயங்காலம் காய்ச்சல் வந்தபோது வெயில் என்று நினைத்தேன். ஜாக்கெட் தொளதொளவென்று ஆனபோது தையற்காரரைத் திட்டினேன். ஒருநாள் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு. அதற்குமேல் பழி போட ஆள் கிடைக்கவில்லை.

சில மாதம் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். ஸ்ட்ரெப்டோமைசின் (காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஊசிமருந்து) போட்டுப் போட்டு உட்காரும் இடம் கல்லாகிப்போனது. பி.ஏ.எஸ். (கிருமி பெருகாமல் தடுக்கும் மருந்து) கைகொள்ளாமல் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். ஊசியும் மருந்தும் போக மிச்ச நேரம் முழுக்கப் படிப்புதான். காதர் பாய் சைக்கிளின் பின்னால் ஒரு பெட்டி கட்டி வார்டு வார்டாகப் புத்தகம் கொண்டுவருவார். திரும்பி வந்த புத்தகங்களை மதிய வெயிலில் விரித்துக் காயப்போடுவார். தூரத்திலிருந்து பார்த்தால் வடகம் காய்கிற மாதிரி இருக்கும்.

நுரையீரல் எப்படி இருக்கும், மருந்து உள்ளே என்ன செய்கிறது என்றெல்லாம் அங்கேதான் தெரிந்துகொண்டேன். தெரிந்த பிறகு பயம் பாதியாகிவிட்டது. பி.ஏ.எஸ். ருசி மட்டும் அப்படியேதான் இருந்தது.

ஒரே ஒரு துக்கம், ரூபி. எங்கள் மகள், அப்போது நாலு வயது. பல்லாவரத்தில் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவளை என் வீட்டுக்காரர் கூட்டிவந்து ஆஸ்பத்திரி வேலிக்கு அப்பால் நிறுத்துவார். பக்கத்து விமானதளத்திலிருந்து ஒரு விமானம் எழும்பினால் போதும், என்னை விட்டுவிட்டு அதைப் பார்ப்பாள். விமானத்தின் மேல் எனக்கு வந்த பொறாமை கொஞ்சநஞ்சமல்ல.

படுக்கைக்குக் காத்திருந்தவர்கள் ஏராளம். ஆகவே சளிப் பரிசோதனையில் (காறித் துப்பும் சளியில் கிருமி இருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது) எப்போதாவது ஒருமுறை கிருமி தெரிந்துகொண்டிருந்த நிலையிலேயே, மருந்தோடு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். ரூபியும் வந்துவிட்டாள். வீட்டில் என்னை வரவேற்றது என் வீட்டுக்காரரும் கையேடும்.

"உடனிருப்போர் கையேடு" என்று அட்டையில் போட்டிருந்தது. ஏதோ ஒரு சங்கம் அச்சடித்தது. அதை அவர் மனப்பாடம் செய்துவைத்திருந்தார். எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர், இரண்டிலும் சிவப்பு பெயிண்டில் புள்ளி. பாயும் போர்வையும் தினமும் வெயிலில். துப்புவதற்கு மூடி போட்ட டப்பா. ஜன்னல் எப்போதும் திறந்திருக்க வேண்டும். மழைக்காலத்தில் நான் குடை பிடித்துக்கொண்டு தூங்காததுதான் பாக்கி.

"குழந்தைகளை நோயாளியின் அருகில் விடலாகாது" என்று ஒரு வரி இருந்தது. அருகில் என்றால் எவ்வளவு என்று அதில் இல்லை. அது அவருக்குப் பெரிய உபத்திரவமாகிவிட்டது. கடைசியில் அவரே முடிவெடுத்து, என் அறை வாசலுக்கு வெளியே சிவப்பு சிமெண்ட் தரையில் ஒரு கோடு போட்டார். நான் வகுப்பிலிருந்து கொண்டுவந்திருந்த சாக்பீஸ்தான். காலையில் வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, ஆபீஸ் போகுமுன் மறுபடி போடுவார். ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருக்கும்.

ரூபி அந்தப் பக்கம் உட்கார்ந்து விளையாடுவாள். நான் இந்தப் பக்கமிருந்து கதை சொல்வேன். பந்து உருண்டு என் பக்கம் வந்துவிட்டால் அதற்கு டெட்டால் குளியல். பந்து வெளுத்துப்போய் முட்டைக்கோஸ் மாதிரி ஆகிவிட்டது.

இதையெல்லாம் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். சமையல், துணி, மாத்திரை, ஆபீஸ் என்று அந்த மனிதர் தேய்ந்து துரும்பானார். ஒரு வேளை மருந்தைக்கூட நான் தவறவிட அவர் விட்டதில்லை. நான் பிழைத்ததில் பாதி அதனால்தான்.

மாதங்கள் போயின. சளியில் கிருமி இல்லை என்று வந்தது. மறுமுறையும் இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. டாக்டரம்மா எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இடதுபக்கம் மேல ஆறிப்போன தழும்பு மட்டும்தான் இருக்கு. போய் உங்க பொண்ணை நல்லா தூக்கிக் கொஞ்சுங்க. மாத்திரையை மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

நான் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தேன். லீவு போட்டிருந்த அவர் சமையலறையில் இருந்தார், ரூபி கூடத்தில் இருந்தாள். பையை என் அறையில் வைத்துவிட்டு, கோட்டைத் தாண்டி வெளியே வந்து அவளைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவள் சுவர்வரைக்கும் பின்னால் போய், "அப்பா, அம்மா கோட்டைத் தாண்டிட்டாங்க!" என்று கத்தினாள்.

அந்த நோய் எனக்குக் கொடுத்த வலிகளிலேயே பெரியது அதுதான். அவள் பயந்துகூடக் கத்தவில்லை. வகுப்பில் ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைப் பற்றி டீச்சரிடம் சொல்கிற குரலில் சொன்னாள். என்னைத் தொடாமல் இருப்பது அவளுக்குப் பழகிவிட்டது. இன்னும் கொஞ்ச காலம் போனால் தொடவே தோன்றாது என்று எனக்குப் பட்டது.

அவரிடம் டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன்.

"எழுதிக் குடுத்தாங்களா?" என்றார்.

"வாயாலதான் சொன்னாங்க."

அவர் கையேட்டை எடுத்துவந்து புரட்டினார். "நல்லாப் பாரு கிரேஸ். தனித் தட்டு வைக்கணும்னு இருக்கு. குழந்தையை விடக் கூடாதுன்னு இருக்கு. எப்ப நிறுத்தலாம்னு எங்கயும் இல்லையே. ஒரு உத்தரவு போட்டா, அதை ரத்து பண்ணி இன்னொரு உத்தரவு வர்ற வரைக்கும் அது அமல்லதான் இருக்கும்."

"நான் என்ன உங்க ஆபீஸ் ஃபைலா?" என்று நான் கத்திய கத்தலில் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் ரேடியோவை நிறுத்தினார்கள். என் நுரையீரல் குணமாகிவிட்டது என்பதற்கு அதைவிட அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனால் மறுநாள் காலையில் கோடு இருந்தது.

நேராக நூலகத்துக்குப் போனேன்.

"இன்னா டீச்சரம்மா, மொகம் கடுகடுன்னு கீது?" என்றார் காதர் பாய்.

"எப்ப நிறுத்தலாம்னு சொல்ற புத்தகம் வேணும் பாய்."

"மருந்தையா? ஐயோ, அத்த நிறுத்தக் கூடாதும்மா!"

"மருந்தை இல்லை. தட்டு, டம்ளர், கோடு. இதையெல்லாம் எப்ப நிறுத்தலாம்?"

அவர் எழுந்து வந்தார். பிறகு இருவரும் தேட ஆரம்பித்தோம். நோயாளிகள் அலமாரியில் இல்லை. உடனிருப்போர் அலமாரியில் இல்லை. எனக்குக் கொடுக்கக் கூடாத டாக்டர்கள் அலமாரியையும் திறந்து கொடுத்தார். தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்கள். மருந்தளவு இருந்தது, படங்கள் இருந்தன. தாய் எப்போது பிள்ளையைத் தூக்கலாம் என்பது மட்டும் இல்லை.

அப்போது டாக்டரம்மா ஏதோ புத்தகம் தேடி உள்ளே வந்தார். கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கையேட்டை வாங்கி, கடைசிப் பக்கம்வரை பார்த்தார்.

"நிஜமாவே இல்லை. நாங்க வாயால சொல்லிடறோம், அதோட முடிஞ்சுதுன்னு நினைச்சோம்" என்றார். "இந்தத் தட்டு டம்ளர் எல்லாம் ஆரம்பத்துல இருந்தே அவ்வளவு அவசியமில்லை. இது தட்டு வழியா வர்றதில்லை, இருமல்ல காத்து வழியா வர்றது. எத்தனை வீட்டுல இன்னும் தனித் தட்டு இருக்கோ தெரியலையே!" என் பக்கம் திரும்பி, "நீங்க டீச்சர்தானே? நீங்களே தமிழ்ல எழுதுங்க. நான் திருத்திக் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதினேன். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, சளியில் கிருமி இல்லை என்று திரும்பத் திரும்ப வந்து, டாக்டரும் சொல்லிவிட்டால், குழந்தையைத் தூக்கலாம், முத்தமிடலாம், எல்லோரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடலாம் என்று எழுதினேன். கோடுகளை அழித்துவிடலாம் என்றும் எழுதினேன். டாக்டரம்மா அதை அடிக்கவில்லை. "மாத்திரையை மட்டும் டாக்டர் சொல்லும்வரை விடக்கூடாது" என்று கீழே சேர்த்து, அடிக்கோடிட்டுக் கையெழுத்துப் போட்டார். வார்டு நர்ஸ் ஒருத்தி தன் அலமாரிக்கும் ஒரு பிரதி கேட்டாள். ஸ்டென்சில் வெட்டிப் பிரதி எடுத்ததும் காதர் பாய் பசை காய்ச்சி, மூன்று அலமாரியிலும் இருந்த கையேடுகளின் கடைசியில் ஒவ்வொன்றாக ஒட்டினார். "பிச்சிக்கினு போக முடியாது, பாத்துக்க" என்று பெருமையாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் அப்படித் தாள் ஒட்டிய கையேடு ஒன்றை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். மறுபடியும் படித்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "சீல் எங்கே?" என்றார்.

எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். திரும்பி வரும்போது அந்தத் தாளில் நூலக முத்திரை ஊதா நிறத்தில் ஈரம் காயாமல் இருந்தது.

ஆனாலும் கோட்டை அழிக்காமல் அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இதுல இருக்கறபடி செஞ்சா நீ பொழைச்சுக்குவேன்னு நம்பினேன் கிரேஸ். செஞ்சேன். பொழைச்ச. இப்ப இதை விட்டா..." என்றார். அப்போதுதான் அவர் அழுது நான் பார்த்தேன். எனக்கு நோய் என்று சொன்ன நாளிலிருந்து சேர்த்துவைத்த அழுகை அது. அவர் மேல் இருந்த கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை.

பிறகு எழுந்து, ஈரத்துணி எடுத்துவந்து, கோட்டைத் துடைத்தார். தரை பளிச்சென்று சிவப்பாக இருந்தது.

ரூபி ஓடிவந்தாள். கோடு இருந்த இடத்தில் வந்ததும் டக்கென்று நின்றாள். தரையைப் பார்த்தாள். "அப்பா, கோடு எங்கே?"

"இனிமே வேண்டாம்னு எழுதி வந்திருக்கும்மா. நீ அம்மாகிட்டப் போகலாம்."

"என் பேரு போட்டிருக்கா?"

அப்பன் புத்தி அப்படியே. நான் கையேட்டை வாங்கி, டாக்டரம்மா கையெழுத்துக்குக் கீழே, "ரூபி இன்றுமுதல் அம்மா மடியில் உட்காரலாம்" என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆபீசில் உத்தரவு வாசிக்கிற குரலில் அதை வாசித்தார். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, ஒரு காலை மட்டும் எடுத்து இந்தப் பக்கம் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. அடுத்த காலையும் வைத்தாள். அப்புறம் நடக்கவில்லை, பாய்ந்தாள்.

அவள் நான் நினைத்திருந்ததைவிடக் கனமாக இருந்தாள். கால் என் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அத்தனை காலமும் நான் மாதத்தை ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனைவரை என்று கணக்கு வைத்திருந்தேன். அதற்குள் அவள் இவ்வளவு வளர்ந்திருக்கிறாள். தலையை என் நெஞ்சில் சாய்த்து, "உள்ள இன்னும் மருந்து இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். காதை வைத்துக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போனாள்.

இப்போது மருந்துகள் மாறிவிட்டன, சாப்பிட வேண்டிய காலமும் குறைந்துவிட்டது. உங்கள் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். என்ன ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்கும்போதே, எதை எப்போது விடலாம் என்றும் கேட்டுவிடுங்கள். வீட்டில் என் வீட்டுக்காரரைப் போல ஒருவர் இருந்தால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், மறக்காமல் முத்திரையோடு.

தாம்பரம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் வேகமாக ஏறினால் இன்னமும் எனக்கு இடதுபக்கம் மேலே லேசாகப் பிடிக்கும். நின்று, கையை வைத்து, மூச்சு வாங்கிக்கொண்டு போவேன். எக்ஸ்ரே படத்தில் அந்த இடம் தழும்பு. எனக்கு அது ரூபி தலை வைத்துத் தூங்கிய இடம்.