வயித்து ரத்தமும் சிவப்பு அம்பும்

மார்ச் 12, வியாழக்கிழமை, காலை 9.20. ஆய்வக ரேக்கில் ரத்தம் எடுத்த பதினான்கு சோதனைக் குழாய்கள். வார்டிலிருந்து சீட்டைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு அனுப்பியிருந்தார்கள். ஒன்றிலும் லேபிள் இல்லை. லேபிள் ஒட்டுவது ரோஸ்லின் அக்காவின் வேலை, அவர் வரவில்லை. போன் அடித்தது. அவருடைய நம்பர். எடுத்த எடுப்பில், "ஏனுங்கக்கா, மணி என்னன்னு பார்த்தீங்களா?" என்று எரிந்து விழுந்தேன்.

பேசியது அவர் கணவர். "தம்பி, அவ போயிட்டா. காலையில நெஞ்சு அடைக்குன்னு உக்காந்தா. எந்திரிக்கல."

"சரிங்க" என்றேன். அப்படி ஒரு செய்திக்கு யாராவது "சரிங்க" என்பார்களா? நான் சொன்னேன். பிறகு பதினான்கு லேபிளையும் நானே எழுதி ஒட்டினேன். இரண்டு கோணலாகப் போயின.

எங்கள் மருத்துவமனை ஆய்வகத்துக்கு வந்துபோன உங்களில் பாதிப் பேருக்கு ரத்தம் எடுத்தது அவர் கைதான். அதனால் அவர் நல்லவர், சிரித்த முகம் என்றெல்லாம் நான் எழுத வேண்டியதில்லை. அவர் என் தவறு ஒன்றைப் பிடித்தார். அது வெளியே யாருக்கும் தெரியாது, அதை எழுதுகிறேன்.

தெற்கே நாசரேத் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர் அக்கா. பன்னிரண்டு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்துவிட்டு எங்களிடம் சேர்ந்தார். செக்கிங்கில் துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த ஸ்டிக்கர் தாள்களை இங்கேயும் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். ரிசல்ட் நோட்டில் சந்தேகம் வந்த வரிக்கு எதிரே ஓர் அம்பு ஒட்டுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும். "இது பனியனா, ரிப்போர்ட்டாங்கக்கா?" என்பேன். "ரெண்டும் மனுசன் மேலதானே தம்பி ஏறுது" என்பார்.

போன ஆகஸ்ட்டில் சுனிதா வந்தாள். ஒடிசாக்காரி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் டெய்லர். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. அவளுடைய மூத்த பையனுக்கு அரிவாள் செல் நோய். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து மெல்லிய ரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்ளும், கைகாலெல்லாம் வலி. ஐந்து வயதுக்குள் ஆறு முறை மருத்துவமனையில் கிடந்தவன். "அக்கா, பெரியவன் மாதிரி இது அழுவுமா? அது மட்டும் சொல்லு" என்று ரத்தம் எடுத்த ரோஸ்லின் அக்காவிடம் கேட்டாள்.

நான் கரைதிறன் டெஸ்ட் போட்டேன். எளிய டெஸ்ட்: குழாய்க்குப் பின்னால் கோடு போட்ட அட்டையை வைப்போம். கரைசல் கலங்கிக் கோடு மறைந்தால், சிவப்பணுவை வளைக்கும் கெட்ட ஹீமோகுளோபின் இருக்கிறது. கோடு பளிச்சென்று தெரிந்தது. 'இல்லை' என்று எழுதி, "ஒண்ணுமில்லீங்க, கிளம்புங்க" என்றேன். சுனிதா அழுதுகொண்டே சிரித்தாள்.

மறுநாள் அந்த வரியில் சிவப்பு அம்பு. பிய்த்துப் போட்டேன். அதற்கடுத்த நாள் மறுபடி ஒட்டியிருந்தார்.

"கோடு தெளிவாத் தெரிஞ்சுதுங்கக்கா. என்னத்துக்கு இது?"

"தம்பி, அந்தப் பிள்ளைக்கு இன்னும் வயித்து ரத்தம்லா ஓடுது."

"அம்மா ரத்தம் குழந்தைக்கு ஓடாதுங்க. அது குழந்தையோட ரத்தம்."

"யாரு இல்லன்னா? வயித்துக்குள்ள இருக்கும்போது போட்ட லாட்டு, ஒரே சாயத்துல முக்குன துணிக்கட்டு மாதிரி. அது தீந்த பெறவுதான் புது லாட்டு ஷேடு தெரியும். இந்த வியாதி உள்ள பிள்ளைகளோட அம்மாமாருட்ட கேளுங்க. தவழுத வரைக்கும் நல்லாத்தான் இருந்துச்சுன்னுதான் சொல்லுவாவ. கண்ணுக்குத் தெரியலன்னா ஓகே பீஸுன்னு அர்த்தமா? இன்னும் தெரியலன்னு அர்த்தம்."

நான் சிரித்தேன். பத்து நாள் கழித்து என் மேஜையில் ஒரு தாளை வைத்தார். டெஸ்ட் கிட்டோடு வரும் குறிப்புத் தாள். படிக்காமல் நான் குப்பையில் போட்டதை எடுத்துவைத்து, பத்தாவது படிக்கும் மகளை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அதில் பொடி எழுத்தில் இருந்தது: ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்த டெஸ்ட் ஆகாது. காரணம், கரு ஹீமோகுளோபின். கருவில் உருவாகும் இந்த வகை, பிறந்த பிறகும் சில மாதம் ரத்தத்தில் நிறைய இருக்கும். கெட்ட வகை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள இது விடாது. அதனால்தான் நோயும் வெளியே தெரியாது, டெஸ்ட்டும் ஏமாறும். காலேஜில் இதே பாடத்துக்கு நான் நல்ல மார்க் வாங்கியவன்.

அதற்குள் சுனிதா கம்பெனியும் மாறி, ரூமும் மாறிவிட்டாள். ஞாயிறுதோறும் சர்ச் முடிந்ததும் அக்கா ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு, தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளாகக் கேட்டுப் போனார். அக்டோபரில் அனுப்பர்பாளையத்தில் கண்டுபிடித்துக் கூட்டிவந்தார். ஹீமோகுளோபினை வகை பிரித்துப் பார்க்கும் சோதனைக்கு ரத்தத்தைக் கோவைக்கு அனுப்பினோம். நோய் இருந்தது. குழந்தைக்கு அதுவரை ஒரு காய்ச்சல்கூட வந்திருக்கவில்லை. அது எங்கள் அதிர்ஷ்டம். தொற்று வந்தால் இந்தக் குழந்தைகளைச் சட்டென்று கொன்றுவிடும் என்பதால் பென்சிலின் உடனே தொடங்கியது. மூத்தவனுக்குக் கொடுக்கும் ஹைட்ராக்ஸியூரியா மருந்தை இவளுக்கு எப்போது ஆரம்பிக்கலாம் என்று பார்ப்பதாகச் சொன்ன டாக்டர், "அது கரு ஹீமோகுளோபினை மறுபடி கொஞ்சம் ஊற வைக்கும்மா" என்றார்.

"அப்ப பழைய லாட்டுக்கு ரிப்பீட் ஆர்டர் போடுதீய, அப்படித்தானே டாக்டர்?" என்றார் அக்கா. டாக்டர் சிரித்து ஓய ஒரு நிமிடம் ஆனது.

சுனிதாவிடம் நான்தான் சொல்ல வேண்டும் என்று நின்றேன். "நான் தப்பாச் சொல்லிட்டேனுங்க" என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. "அக்கா, இனி நீ சொல்லு, நான் கேக்கறேன்" என்று ரோஸ்லின் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "விடுங்க தம்பி. அவ கோவம் நியாயந்தானே? மிச்ச வரியளப் பாப்போம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

நோட்டைப் புரட்டினோம். ஆறு மாத வயதுக்குள் அதே டெஸ்ட் போட்ட குழந்தைகள் இன்னும் ஐந்து பேர். ஐந்து அம்பு. நான்கு பேரை அவர் தேடிப் பிடித்தார். கோவைச் சோதனையில் அவர்களுக்கு நோய் இல்லை. பிடிக்கப் பிடிக்க ஒவ்வொரு அம்பாகப் பிய்த்தார்.

அடக்கத்தன்று அவர் மகள், வீட்டு மேஜை டிராயரில் இருந்த ஸ்டிக்கர் தாள்களைக் கொடுத்து, "அம்மா இது ஒங்களுக்குத்தான் வேணும்னு சொல்லுவா" என்றாள். அது கேலியா என்று தெரியவில்லை. வாங்கி வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து எனக்கென்று இருப்பது அதுவும், நான் போட்ட 'இல்லை'யை நானே நம்பாத பழக்கமும்.

இனி நான் செய்யப்போவது:

1. கிட்டோடு வரும் தாளை முழுதாகப் படிப்பேன். அந்தப் பொடி எழுத்து வரியைப் பெரிதாக எழுதி, டெஸ்ட் போடும் மேஜைக்கு மேலே ஒட்டுவேன்.

2. மாதத்தின் முதல் திங்கட்கிழமை சுனிதாவுக்குப் போன். மருந்து தீர்ந்ததா, காய்ச்சல் உண்டா, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்குகிறதா என்று கேட்க வேண்டும். அவள் என்னோடு பேச மாட்டாள். ஆனாலும் அடிப்பேன்.

3. ஒரு அம்பு பாக்கி. ஆண் குழந்தை; விலாசம் வீரபாண்டி என்று மட்டும் இருக்கிறது; அப்பாவுக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை; போன் சுவிட்ச் ஆஃப். ஆகஸ்ட்டில் அவனுக்கு இரண்டு மாதம். இப்போது ஒன்பது. தவழ ஆரம்பித்திருப்பான். இந்த ஞாயிறே போகிறேன்.