எலியா நாளில் வைக்கோல் அள்ளப் போனவர்

எங்கள் ஊரில் கடவுள் இல்லை என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் வெல்கோ கர்மானோவ். பல்கேரியாவில் கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி நடந்த காலத்தில் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, வாசகசாலையில் அவருடைய நாத்திகச் சொற்பொழிவு நடக்கும். முன்வரிசைப் பெண்கள் காலுறை பின்னிக்கொண்டே கேட்பார்கள். முடிந்ததும், "நல்லாப் பேசினே வெல்கோ, கடவுள் உன்னை நல்லா வச்சிருக்கணும்" என்று வாழ்த்திவிட்டுப் போவார்கள்.

ஜூலை இருபது, எலியா தீர்க்கதரிசியின் நாள். அன்று யாரும் வயலில் கைவைப்பதில்லை. அவர் வானத்தில் தேரோட்டும் நாள். கீழே எவனாவது வேலை செய்தால் இடியை இறக்கிவிடுவார். இந்தப் பயத்தை ஒழிப்பதற்காகவே ஒரு வருஷம் வெல்கோ அதே நாளில் டிராக்டரில் மேட்டு வயலுக்கு வைக்கோல் அள்ளப் போனார். ஊரே வேலியோரம் நின்று பார்த்தது. திரும்பி வரும்போது பாரம் சாய்ந்து, டிராக்டர் பள்ளத்தை நோக்கி உருண்டு, ஒரு வால்நட் மரத்தில் முட்டி நின்றது. வெல்கோவுக்கு ஒரு சட்டைப் பொத்தான் நஷ்டம். வேறு சேதமில்லை.

உருட்டிவிட்டது எலியாதான் என்றது பாதி ஊர். காப்பாற்றியதும் அவர்தான் என்றது மீதி ஊர். "சரிவு, பாரம், மரம்! வேற ஒண்ணும் இல்ல!" என்று வெல்கோ தனியாகக் கத்திக்கொண்டிருந்தார். அவர் மனைவி டோனா வாதத்தில் சேரவில்லை. டிராக்டர் உருண்ட கணத்திலேயே அவள் எலியாவிடம் நேர்ந்துகொண்டுவிட்டாள்: இவர் பிழைத்தால், இவர் உயிரோடு இருக்கும்வரை வருஷாவருஷம் இதே நாளில் ஆடு வெட்டி ஊருக்குச் சூப் ஊற்றுவது என்று.

வெல்கோ தடுக்கவில்லை. ஆட்டுச் சூப்போடு அவருக்குக் கொள்கைச் சண்டை கிடையாது. 'வாகனப் பாதுகாப்பு விருந்து' என்று பெயர் வைத்து, சாப்பாட்டுக்கு முன்பு சரிவையும் பாரத்தையும் விளக்கி ஓர் உரை ஆற்றுவார். சூப் மணக்கும்போது மனிதர்கள் எதையும் கேட்பார்கள். பிறகு கட்சி போனது, சம்பளம் போனது, வாசகசாலையின் கூரையும் போனது. உரை மட்டும் நின்றபாடில்லை.

போன குளிர்காலத்தில் டோனா இறந்துபோனாள். ஜூலை நெருங்க நெருங்க ஊருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. நேர்ச்சை நின்றுபோனால் மனுஷன் கதி என்ன? கடை வாசல் பெஞ்சில் அவர் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்கள் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார்கள். இடி குறி தவறி விழலாம் அல்லவா?

பக்கத்து வீட்டு மின்ச்சோ நேராகவே கேட்டார். "என்னண்ணே, இந்த வருஷம் ஆடு உண்டா, இல்ல அறிவியல் மட்டும்தானா?"

"உண்டு. நம்பிக்கையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அவ எனக்காகக் கொடுத்த வாக்கு. அது பொய்யாப் போகக் கூடாது."

"எலியாவுக்குல்ல கொடுத்தாங்க?"

"அவரு வந்து கேட்டா நான் பேசிக்கிறேன், போடா."

அவரே ஆடு வாங்கினார், அவரே சமைத்தார். முற்றத்து மேசைகள் நிறைந்தன. உரையும் முடிந்தது. "சாப்பிடுங்க" என்றார். ஒரு கரண்டியும் அசையவில்லை.

"ஏன், உப்பு கம்மியா?"

மின்ச்சோ தொண்டையைச் செருமினார். "சாமி வந்து பானைக்கு ஜெபம் சொல்லலையேண்ணே."

"எந்தச் சாமி? என் வீட்டுக்குள்ள எந்தப் பாதிரி கால் வச்சிருக்கான்?"

"வருஷாவருஷம் வருவாரே. காலைல நீங்க முகம் மழிக்கிற நேரமாப் பார்த்து அண்ணி தோட்டத்துக் கதவைத் திறந்து விடுவாங்க. ஊருக்கே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டீங்க?"

"நீங்க நல்லாத்தான் பேசுவீங்க."

சூப்பின் மேல் கொழுப்பு படியத் தொடங்கியது. ஜெபம் சொல்லாத நேர்ச்சைச் சோறு இந்த ஊர்த் தொண்டையில் இறங்காது. யாரும் சாப்பிடாமல் போனால் டோனாவின் வாக்கு பொய்தான். வெல்கோ தோள் துண்டை உதறிப் போட்டுவிட்டு, ஊர் பார்க்க, தெரு வழியாகவே கோயிலுக்கு நடந்தார்.

பாதிரியார் ஸ்பிரிடோன் அங்கியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். "காலையிலயே வந்தேன். தோட்டக் கதவு பூட்டியிருந்துச்சு."

"முன்வாசல் கண்ணுக்குத் தெரியலையா?"

"உங்க வீட்டுக்கு முன்வாசல் ஒண்ணு இருக்கிறதே எனக்குத் தெரியாதே!"

பானை முன்னால் நின்று பாதிரியார் கேட்டார். "யார் பேருக்கு? டோனாவுக்குன்னா அது இறந்தவங்க ஜெபம், வேற."

வெல்கோ ஏதோ முணுமுணுத்தார்.

"காதுல விழல."

"எனக்குத்தான்யா! அவ எனக்காகத்தான் கேட்டா!"

ஜெபம் முடியும்வரை அவருடைய தொப்பி கையில் இருந்தது. "என்னண்ணே, தொப்பி?" என்றார் மின்ச்சோ. "வேர்க்குது" என்று பதில் வந்தது. எல்லாக் கரண்டிகளும் ஒன்றாக எழுந்தன. சூப்பில் உப்பு உண்மையிலேயே கம்மிதான், ஒருவரும் சொல்லவில்லை.

அந்தத் தோட்டக் கதவை வெல்கோ இப்போது பூட்டுவதில்லை. கேட்டால், தாழ்ப்பாள் துருப்பிடித்துவிட்டது என்கிறார். நான் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டிருக்கிறது.