பதினெட்டால் பெருக்கிய பொறாமை

போன ஆடி மாதம், சின்னம்மாவின் கருமாதிக்காகப் பதுளையிலிருந்து மடுல்சீமைக்குப் போயிருந்த அன்று நடந்தது இது.

என் மகளுக்கு எட்டு வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. இப்போது பதினைந்து. விரலைக் குத்தி, ஒரு சொட்டு இரத்தம் எடுத்து, மீட்டரில் நூற்றிருபதா இருநூறா என்று பார்த்துப் பார்த்தே அவளை வளர்த்தேன். இரண்டு வருடங்களுக்கு முன் லண்டனிலிருக்கும் என் நாத்தனார் புது மீட்டர் ஒன்று அனுப்பினாள். அவளுக்கும் இதே நோய். அந்த மீட்டர் அவர்கள் நாட்டு அளவில்தான் காட்டும். நம் நூற்றிருபத்தாறு அதில் வெறும் ஏழு.

அதோடு பிள்ளை அத்தை பக்கம் போய்விட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் குத்திப் பார்த்து வாட்ஸ்அப்பில் கூப்பிடுவாள்.

"அத்தை, இன்னைக்கு ஆறரை!"

"அடி தங்கமே, எனக்கு ஒம்போது. நீதான் ஜெயிச்ச!"

எனக்கு வயிறு எரியும். எவ்வளவு என்று நான் கேட்டால், "ஒனக்கு வெளங்காதும்மா, இது வேற கணக்கு" என்பாள். மருந்துக்கடையில் விசாரித்தேன். பதினெட்டால் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடுமாம். அதன்பிறகு தேங்காய் துருவிக்கொண்டே அவர்கள் பேச்சை ஒட்டுக்கேட்டு மனதுக்குள் பெருக்குவேன். அவளிடம் மூச்சுவிடவில்லை.

கருமாதியன்று அவளுக்கு இலேசான காய்ச்சல். பரீட்சை என்பதால் பதுளையில் பள்ளிக்கூடம் போய்விட்டாள். மடுல்சீமையில் நான் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தபோது அவளுடைய வகுப்பு டீச்சர் போன் செய்தார். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. ரோட்டுக்கு ஓடினேன்.

"புள்ள வாந்தி எடுத்து மயங்கிக் கெடக்குதுங்க. மொதல்ல லண்டன் அத்தைக்குத்தான் எடுத்தேன், மயங்குறதுக்கு முன்னாடி அந்த நம்பரத்தான் சொல்லிச்சு. அவங்க எடுக்கல. பயப்படாதீங்க, அது பையில இருந்த மீட்டர்ல பாத்தேன், சுகர் கொறஞ்சிருச்சு, இருபத்தொண்ணு. குளுக்கோஸ் கரைச்சிட்டேன்."

எழுபதுக்குக் கீழே வந்தால் யோசிக்காமல் சீனி கொடுங்கள் என்று பழைய மீட்டர் காலத்தில் நான்தான் அவரிடம் சொல்லி வைத்திருந்தேன்.

"குடுக்காதீங்க டீச்சர்!" என்று கத்தினேன். "அது முன்னூத்தி எழுவத்தெட்டு!"

"கண்ணாடி போட்டுத்தாங்க பாத்தேன். இருபத்தொண்ணுதான்."

"அது லண்டன் மீட்டருங்க. பதினெட்டால பெருக்கணும். கூடிப்போச்சு, கொறையல. ஒடனே ஆசுபத்திரிக்குக் கொண்டு போங்க!"

தொடர்பு அறுந்தது. டீச்சர் நம்பினாரா, தம்ளரை வாயில் வைத்துவிட்டாரா என்று தெரியாமலே பதுளை வரைக்கும் வந்தேன். அந்த ரோட்டின் ஒவ்வொரு பள்ளமும் என் நெஞ்சில் இடித்தது.

டீச்சர் நம்பியிருந்தார். காய்ச்சலில் சாப்பிடாததால் காலை இன்சுலினும் வேண்டாமென்று பிள்ளை விட்டிருக்கிறாள். சர்க்கரை ஏறிவிட்டது. இன்னும் கொஞ்சம் சீனி உள்ளே போயிருந்தால், என்று டாக்டர் சொல்லத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மாலையில் கண் திறந்தாள். கையைப் பிடித்தேன்.

"அத்தைக்குச் சொல்லிட்டியாம்மா?" என்பதுதான் முதல் பேச்சு.

சொன்னேன். வெளியே வந்து நானே கூப்பிட்டுச் சொன்னேன். "அண்ணி, டீச்சர் எடுத்தப்ப நான் தூங்கிட்டேனே" என்று அவள் அழுதாள். அவளைத் தேற்றிக்கொண்டிருந்தபோதும் உள்ளுக்குள் எரிந்துகொண்டுதான் இருந்தது.

அந்த எரிச்சல் இன்றும் அடங்கவில்லை. ஆனால் அது மட்டும் இல்லாதிருந்தால் அன்று "சரிங்க டீச்சர், குடுங்க" என்று நானே என் வாயால் சொல்லியிருப்பேன்.