அவர் கெஞ்சிய வரி

அடிதடியை எழுதுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையில் ஓர் அறைகூட வாங்காதவர்கள் என்பது கதவின் தீர்மானமான கருத்து. மதுக்கடை வாசலில் நின்று, குடித்துவிட்டு ரகளை செய்கிறவர்களைத் தூக்கி வெளியே போடுவது அவன் வேலை. வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பள நாளில் மட்டும் யாராவது கூப்பிடுவார்கள்.

கூட்டமில்லாத மதிய வேளைகளில் ஸ்டூலில் உட்கார்ந்து வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள் படிப்பான். ஒரு தொடரில் நாயகன் எட்டுப் பேரைத் துவைத்து எடுத்துவிட்டு, அதே கையால் காதலிக்குப் பூப் பறித்துக் கொடுத்தான். கதவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருத்தன் தாடையில் ஒழுங்காக ஒரு குத்து விட்டால் மறுநாள் சட்டைப் பொத்தான் போட முடியாதே, இவன் பூப் பறிக்கிறானாம்! அந்த ஆத்திரத்தில்தான் கதவு ஒரு வலைப்பூ தொடங்கினான். அடியை எப்படி எழுதுவது என்று எழுத்தாளர்களுக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தான்.

இடி மாதிரி அடி விழுந்தது என்று எழுதாதே, எங்கே விழுந்தது என்று எழுது என்றான். அடிபட்டவன் உடனே கத்தமாட்டான், முதலில் திகைப்பான், அந்தத் திகைப்பை விட்டுவிடாதே. மூக்கில் குத்தினால் கண்ணில் தண்ணீர் வரும், அதை அழுகை என்று எழுதித் தொலைக்காதே. சண்டையில் எவனும் முழு வாக்கியம் பேசுவதில்லை. எழுதியதை வாய்விட்டுப் படி, எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வெட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, கண்ணால் பார்க்காததையும் காதால் கேட்காததையும் எழுதாதே. கதை எழுதுகிறவர்கள் வரிசைகட்டி வந்து சந்தேகம் கேட்டார்கள். கதவுக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் பின்னூட்டத்தில் ஒருவர், இத்தனை சொல்கிறீர்களே, ஒரு முழுச் சண்டையை நீங்களே எழுதிக் காட்டுங்களேன் என்று கொக்கி போட்டார். கதவு சும்மா இருப்பானா? சில மாதங்களுக்கு முன் கடைக்குக் குடிக்க வந்த ஒரு பஞ்சர் கடைக்காரரை அடித்ததை எழுதினான். அந்த மனிதர் போதையில் கிளாஸை உடைத்து மேனேஜரின் சட்டையைப் பிடித்தார். கதவு அவரைப் பின்கட்டுக்கு இழுத்துப்போய் முகத்தில் குத்தினான். இரண்டு பல் போயிற்று. கீழே விழுந்த பிறகும் விலாவில் உதைத்தான். அதற்கு அவசியமே இல்லை, கோபம், உதைத்தான். எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினான், அவர் கையில் அடித்த, டியூப் ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை, புருவத்தில் இருந்த பழைய வெட்டு உட்பட.

வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் முடிவு உப்புச்சப்பில்லாமல் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு வரி சேர்த்தான். 'என்னை விட்டுடுங்கண்ணே, உங்க கால்ல விழறேன்' என்று அவர் கதறினார். அவ்வளவுதான், பாராட்டு கொட்டியது. கடைசி வரியில் உடம்பு சிலிர்த்துவிட்டதாக ஆளாளுக்கு எழுதினார்கள்.

புருவத்தில் வெட்டு உள்ள பஞ்சர் கடைக்காரர் அந்த வட்டாரத்தில் ஒரே ஒருவர்தான் என்பது கதவின் மண்டைக்கு உறைக்கவில்லை.

அடுத்த வாரம் பின்கட்டில் காலி பாட்டில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தான். முழங்காலுக்குப் பின்னால் இரும்பு விழுந்தது. கதவு கத்தவில்லை, திகைத்தான். அடுத்தது தோளில் விழுந்தது. பெட்டிகளோடு சரிந்தான், கன்னத்துக்கடியில் கண்ணாடி நொறுங்கியது. எழுவதற்குள் தலையில் ஓர் அடி. காதுக்குள் ரத்தம் இறங்கியது. முதுகில் முழங்காலை ஊன்றி யாரோ அவன் வலக்கையை இழுத்துச் சிமெண்ட் தரையில் விரித்து வைத்தார்கள். டியூப் சொல்யூஷன் வாசனை அடித்தது.

"என் பையன் படிச்சிட்டான்" என்றார் பஞ்சர் கடைக்காரர். கையில் சக்கரம் கழற்றுகிற ஸ்பேனர். "பல்லு போய் வீட்டுக்குப் போனப்போ அவன்கிட்ட சொன்னேன், அடி வாங்கினேன், எவன் கால்லயும் விழலடான்னு. நம்பினான். இப்ப என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறான். நான் கெஞ்சினேனா?"

"இல்ல."

"வேற என்ன சொன்னேன்?"

கதவுக்கு அது மறக்கவே இல்லை. வாயெல்லாம் ரத்தத்தோடு அந்த மனிதர் தரையைத் தடவித் தடவித் தேடினார்.

"செருப்பு ஒண்ணக் காணோம்னு சொன்னீங்க."

"அத ஏன் எழுதல?"

"சப்புன்னு இருக்கும்னு..."

பஞ்சர் கடைக்காரர் அவன் விரல்களை இன்னும் அழுத்தி விரித்து வைத்தார். பிறகு, மாற்றி எழுதச் சொன்னார். ஸ்பேனர் மேலே போயிற்று. கதவு ஏதோ சொன்னான். ஸ்பேனர் இறங்கியது. இரண்டு விரல் எலும்புகள் நொறுங்கின.

பெட்டி சரிந்து விழுந்துவிட்டது என்று மேனேஜரிடமும் டாக்டரிடமும் சாதித்துவிட்டான். மனைவியிடம் அது எடுபடவில்லை. மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், பெட்டி விழுந்த காயம் எது, அடிபட்ட காயம் எது என்று அவளுக்குத் தெரியாதா? எல்லாவற்றையும் கக்கவைத்தாள். கேட்டுவிட்டு அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அடித்ததே பாவம், அதற்கு மேல் பொய்யும் சேர்த்து விற்றீர்களா, அந்த வரியைப் படித்து நான் அழுதேனே என்று பொரிந்து தள்ளினாள். ஆனாலும், வலக்கையில் மாவுக்கட்டோடு அவன் ஃபோனைத் தடவிக்கொண்டு திணறியபோது பிடுங்கித் தானே தட்டச்சு செய்ய உட்கார்ந்தாள்.

கெஞ்சிய வரியை எடுக்கச் சொன்னான். செருப்பைத் தேடியதை எழுதச் சொன்னான். அவள் எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்தாள். பாதியில் நிறுத்தி, முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

இன்னொரு பத்தி இருக்கிறது என்றான். பெட்டிகள், முழங்கால், கண்ணாடி, ஸ்பேனர் என்று ஒன்றுவிடாமல் சொன்னான். அவள் விரல் நின்றது.

"கைல அடி விழறதுக்கு முன்னாடி ஏதோ சொன்னேன்னீங்களே, என்ன சொன்னீங்க?"

கதவு மாவுக்கட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"அழுதேன். அண்ணே, அண்ணேன்னு அழுதேன். வேற வார்த்தை வரல."

"இதையுமா போடணும்? ஊரே சிரிக்கும்."

"போடு. அந்தப் பையன் படிக்கட்டும்."