ஒன்பதாம் எண்ணுக்கு மூன்று கட்டம்

ராஜரத்தினத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் "நல்ல மனுஷன், பாவம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்ல மனுஷன்தான், பாவமும்தான். ஆனால் அந்த இரண்டு வார்த்தையோடு விஷயத்தை மூடிவிட்டால் நான் தப்பித்துக்கொள்வேன். அதனால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் அப்துல் அஜீஸ். பிறந்தது மலாக்காவின் தெங்கேராவில், மளிகைக் கடை வைத்தது அங்கேயே காஜா பேராங்கில். ராஜரத்தினம் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். ஆற்றோரத்து ரப்பர் கிடங்கில் எடைக் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். மனைவி சிவகாமசுந்தரியும் மகள் சந்திரமதியும் ஊரில். ஐம்பத்து நான்கு டிசம்பரில் அவர் ஊருக்குப் போய்த் திரும்பியபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அடுத்த வருஷம் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தார். அடுத்த வருஷங்கள் ஐந்து போயின. சேர்த்த பணம் ஒரு தடவை அண்ணனின் வைத்தியத்துக்குப் போனது, ஒரு தடவை இவருடைய வைத்தியத்துக்கே போனது.

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்து இரண்டு வருஷம் ஆனபோது புதுச் சட்டம் வந்தது. கணவனைப் பிரிந்து ஐந்து வருஷம் வெளிநாட்டிலேயே இருந்துவிட்ட மனைவிக்கு இனி உள்ளே வர அனுமதி இல்லை. கணக்குப் பார்த்தால் ராஜரத்தினத்துக்கு அந்த டிசம்பர்தான் கெடு. அதற்குள் அவர்கள் இங்கே கால் வைத்தாக வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் தமிழ்ப் பத்திரிகை ஒன்று சுதந்திர தினத்துக்குச் சிறப்புக் குறுக்கெழுத்துப் போட்டி அறிவித்தது. ஆறு நாள், ஆறு சதுரம், நாளுக்கு ஒரு பொருள். ஒரு நாள் கடல், ஒரு நாள் மருந்து, ஒரு நாள் கல்யாணம் என்று போகும். ஆறையும் பிழையில்லாமல் எழுதி அனுப்பினால் நாகப்பட்டினத்திலிருந்து இரண்டு கப்பல் டிக்கெட். அறிவிப்பைப் படித்த அன்று ராஜரத்தினம் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து அதையே நாலு தடவை வாசித்தார்.

கடைக்காரன் நீ ஏன் டிக்கெட் எடுத்துக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அவர் கேட்கவில்லை. நானும் கேளாமல் கொடுக்கிற ஆள் இல்லை.

விடை கேட்க மட்டும் அவருக்குக் கூச்சமே கிடையாது. கடல் சதுரத்துக்கு ஆற்றங்கரை தொங்காங் படகு ஆட்களிடம் போய் நின்றார். மருந்துக்கு ஆஸ்பத்திரி டிரசர் தியாகுவைப் பிடித்தார். சந்தேகம் என்றால் சைக்கிளை எடுத்துக்கொண்டு உஜோங் பாசிர் போய்விடுவார். அங்கே பொன்னுதுரை வாத்தியார் வீட்டில் அகராதி இருந்தது. ஒரே ஒரு ஆளிடம்தான் அவர் கேட்டதில்லை. அது அவர் குடியிருந்த வீட்டுக்காரி கமலவேணி.

கமலவேணி செட்டிக் குடும்பம். எத்தனையோ தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்து மலாக்காவிலேயே தங்கிவிட்டவர்கள். மாரியம்மன் கோயிலுக்குப் போவார், நெற்றியில் திருநீறு இருக்கும், உடுப்பது மலாய்ப் பெண்களின் கெபாயா, பேசுவது மலாய். ராஜரத்தினத்துக்குத் தன் பின்கட்டு அறையை விட்டிருந்தார். காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுப்பார். அவரைத்தான் இந்த மனுஷன் "தமிழ் தெரியாத தமிழச்சி" என்பார். நானும் சிரிப்பேன். எங்களுக்கெல்லாம் அவர்கள்மேல் ஓர் இளக்காரம். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, அப்போது இல்லை.

காலையில் கமலவேணி பெரிய பித்தளைத் தட்டில் பலகாரம் அடுக்கி விற்பனைக்கு என் கடையில் வைத்துவிட்டுப் போவார். மத்தியானம் வந்து வாசலில் நின்றே, "அஜீஸ், தாலம் மானா?" என்பார். தாலம் எங்கே என்று அர்த்தம். எடுத்துக் கொடுப்பேன். வருஷக்கணக்காக நடந்தது இது.

கல்யாணச் சதுரம் வந்த நாள் ராஜரத்தினத்துக்குக் கிடங்கில் லீவு. என் கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்து மணிக்குள் முக்கால்வாசியை முடித்துவிட்டார். இடமிருந்து வலம், ஒன்பதாம் எண் மட்டும் நின்றது. 'மணமேடைக்குப் பூ சுமந்து வருவது.' மூன்று கட்டம். மேலிருந்து இறங்கிய 'தாலி' முதல் எழுத்தைக் கொடுத்துவிட்டது. 'திருமணம்' கடைசி எழுத்தைக் கொடுத்துவிட்டது. தா, ஒரு காலிக் கட்டம், ம்.

"தாமம்," என்றார் ராஜரத்தினம். "மாலைன்னு அர்த்தம் பாய். பூவைச் சுமக்குறது மாலைதானே."

"மாலை பூவுல கட்டுறது. அது எங்க பூவைச் சுமக்குது?" என்றேன்.

அப்போது கமலவேணி தாலத்துக்கு வந்தார். எங்கள் முகத்தைப் பார்த்து என்ன தகராறு என்று கேட்டார். நான் வேடிக்கையாகத்தான் மலாயில் சொன்னேன், கல்யாணத்தில் பூ கொண்டு வருவது, மூன்று எழுத்து, தா-வில் ஆரம்பம் என்று.

"தாலம் லா," என்றார். தாலம்தான், வேறென்ன இருக்கிறது என்பதுபோல் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பித்தளைத் தட்டைக் காட்டினார்.

ராஜரத்தினம் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மலாயிலேயே சொன்னார். "மாமி, இது தமிழ்ப் போட்டி. உங்க மலாய்க்கு இங்க இடம் இல்ல."

கமலவேணி சிரிக்கவில்லை. அவர் மலாயில் சொன்னது இதுதான்: "எங்க வீட்டுல கல்யாணத்துக்குப் பூ, வெத்தலை எல்லாம் இதுலதான் வரும். எங்க பாட்டியோட பாட்டியும் தாலம்னுதான் சொன்னாங்க. நாங்க யார்கிட்டயும் கடன் வாங்கின வார்த்தை இல்ல."

ராஜரத்தினம் என்னைப் பார்த்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. "என்ன பாய், எழுத்து சரியா நிக்குதே. வாத்தியார் வீட்டுக்கு ஒரு மிதி மிதிச்சிட்டு வந்துடவா?"

நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வெயில்ல எதுக்கு அலையிறீங்க? நான் தெங்கேராவுல பொறந்தவன், எது மலாய், எது தமிழ்னு எனக்குத் தெரியாதா? தாலம் அசல் மலாய். தாமம்னே போடுங்க."

சைக்கிள் பூட்டைத் திறக்கப் போன கையை அவர் எடுத்துக்கொண்டார். பேனாவால் அழுத்தி 'ம' எழுதினார். கமலவேணி தாலத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போனார்.

மூன்று வாரம் கழித்து விடை வந்தது. பத்திரிகைக் கட்டைப் பிரித்தவன் நான்தான். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே 'தாலம்' என்று இருந்தது, பக்கத்தில் 'தட்டு' என்று விளக்கம் வேறு. அதற்குக் கீழே, எல்லாம் சரியாக எழுதியவர் ஒருவரும் இல்லை, எனவே டிக்கெட் யாருக்கும் கிடையாது என்று போட்டிருந்தார்கள். ஒரே ஒரு பிழை செய்தவர்களுக்கு ஆறுதல் பரிசாகப் பேனா. அந்தப் பட்டியலில் ராஜரத்தினத்தின் பெயரும் ஊரும் பிழையில்லாமல் அச்சாகியிருந்தன.

மறைக்கலாமா என்று பார்த்தேன். அதற்குள் வந்துவிட்டார். படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

மத்தியானம் கமலவேணியிடம் நானே சொன்னேன். அவர் என்னைப் பார்த்துக்கூடப் பேசவில்லை, பலகாரத் துணுக்குகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க ரெண்டு பேரும் தமிழ் தெரிஞ்சவங்க. நான் என்ன சொல்றது."

டிசம்பர் வரைக்கும் டிக்கெட் பணத்துக்கு ராஜரத்தினம் அலையாத இடம் இல்லை. கிடங்கு முதலாளி அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் என்ற சொல்லை ராஜரத்தினம் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டார். அப்படிச் சிரிக்கும்போது அவரைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது.

ஜனவரியில் சிவகாமசுந்தரியிடமிருந்து கடிதம் வந்தது. போட்டியைப் பற்றி ஆகஸ்டிலேயே இவர் எழுதியிருந்தார், நிச்சயம் என்று. தோற்றதை எழுதவில்லை. அந்த அம்மா அதை நம்பிப் பெட்டி கட்டி வைத்திருந்தார். எப்போது கிளம்ப வேண்டும் என்று கேட்டிருந்தார். கடைசியில் சந்திரமதி தன் பெயரைக் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தாள்.

பதில் எழுத ராஜரத்தினம் என் கடைக்குத்தான் வந்தார். பரிசாக வந்த பேனாவைத் திறந்து காகிதத்தின்மேல் வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு, சதுரத்துக்கு விடை கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"பாய், ஒரு வார்த்தை சொல்லுங்க. 'வர முடியாது'ன்னு எழுதினா நான் வேண்டாம்னு சொல்றதா நெனச்சுக்குவா. நோகாத மாதிரி வேற வார்த்தை இருக்கா?"

ஆறு நாளும் கேட்டதற்கும் கேட்காததற்கும் விடை சொன்ன வாய் இது. உப்பு மூட்டையைப் பிரிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"தாலம் மானா?" என்று வாசலில் குரல் கேட்டது. ராஜரத்தினம் எழுந்து, தட்டைத் தன் தோள் துண்டால் துடைத்து, இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். கமலவேணி வாங்கிக்கொண்டார்.

ராஜரத்தினம் என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அதே பின்கட்டு அறையில் இருந்து, அங்கேயே செத்துப்போனார். பெட்டியில் இருந்த கடிதங்களைக் கமலவேணிக்குப் படிக்கத் தெரியாது, என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னார். அந்த ஜனவரியில் அவர் எழுதியதற்கு ஊரிலிருந்து வந்த பதில் மேலேயே இருந்தது. இரண்டே வரி.

'பெட்டியைப் பிரித்துவிட்டேன். பயணத்துக்கென்று சந்திரமதிக்குத் தைத்த கவுன் இப்போதே பத்தவில்லை.'